கரித்தொட்டிக்குக் கீழே

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருமகள் வந்திருந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. மூடியில் நாய்க்குட்டிப் படம், ஓரமெல்லாம் துரு. "அத்தையோட பீரோவ இப்பதான் ஒழிச்சோம் ஆன்ட்டி. இது உங்களுக்குன்னு தனியா வச்சிருந்தாங்க" என்று மேஜைமேல் வைத்தாள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை என்பதுபோல காபி போட உள்ளே போனேன். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மூடியைத் திறந்துவிட்டேன்.

நிலக்கரி வாசனை. கரி என்றால் எல்லோரும் புகையைத்தான் நினைப்பார்கள். எரியாத கரிக்கு வேறு வாசனை. கொஞ்சம் கந்தகம், கொஞ்சம் ஈரக்கல். ஐந்து வருடம் ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உங்கள் துணிப்பையிலிருந்து வந்த வாசனை அது. தயிர்சாத டப்பாவும் கரி டப்பாவும் ஒரே பையில்தான் வரும். சாதத்தில் கரி வாசம் அடிக்கிறது என்று நான் மூக்கைச் சுளித்தால், "ரயில்வே வூட்டு சோறு அப்டித்தான் இருக்கும், துன்னும்மா" என்பீர்கள். நானும் வழித்துச் சாப்பிடுவேன்.

டப்பாவில் பாதி வரைக்கும் கரிப்பொடி. அதன்மேல் ஒரு தீப்பெட்டி. அந்தத் தீப்பெட்டிக்குள் இருந்ததைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் அதை நேராகச் சொல்ல எனக்கு வரவில்லை. இருபத்தாறு வருடம் வரைபடம் போட்டவள். எதையும் அடியிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கை ஓடும். நீங்கள் இருந்தால் "ஆரம்பிச்சுட்டா டிராயிங்கம்மா" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

இந்தத் தெலுங்கு ஊரில் நாம் சந்தித்தது எர்ரகட்டா ஞாயிற்றுச் சந்தையில். பழைய மிக்ஸிகளுக்கும் ரிமோட் குவியலுக்கும் நடுவே ஒரு சாக்கின்மேல் அந்தக் கரித்தொட்டி கிடந்தது. ஒரு சாண் உயரத் தகரக் கோபுரம். உச்சியில் தொட்டி, அதன் அடியில் சரிவான வாய், பக்கத்தில் ஒரு லிவர். லிவரை இழுத்தால் வாய் திறந்து, கீழே நிற்கும் பொம்மை வேகனில் கரி கொட்டும். எந்த நாட்டில் யார் வீட்டில் விளையாடியதோ, பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தது. நான் அதைத் தூக்கப் போனபோது இன்னொரு கை மறுபக்கத்தைப் பிடித்திருந்தது. "விடமாட்டாங்க போலிருக்குதே" என்று எனக்குள் முனகினேன். "நீ வுட்டா நானும் வுடறேன்" என்று தமிழிலேயே பதில் வந்தது.

"உங்க வீட்ல ரயில் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்ல ரயிலுக்கு சீட்டு தச்சேன். வண்டி ஒண்ணும் வூட்டுக்குக் கொண்டார முடியல."

"எங்கிட்ட ரயில் இருக்குதுங்க. இதுதான் இல்லைங்க."

அப்போது கையை எடுத்தீர்கள். "அப்ப நீ வாங்கு. நான் வந்து பாத்துக்கறேன்." ஊரில் எத்தனையோ பேர் 'ஒருநாள் வர்றேன்' என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு மல்லாபூரிலிருந்து பஸ்ஸும் மெட்ரோவும் மாறி, குகட்பள்ளியில் என் பிளாக்கைக் கண்டுபிடித்து, மூன்று மாடி ஏறி வந்து நின்றது நீங்கள் ஒருவர்தான். பிறகுதான் தெரிந்தது, நான் வேலை பார்த்த கம்பெனியின் பஸ் தினமும் உங்கள் தெருமுனை வழியாகத்தான் போயிருக்கிறது. இருபத்தாறு வருடம் உங்களைக் கடந்து போயிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, பேச ஆளில்லாமல் சந்தையில் சுற்றிய காலத்தில்தான் கிடைத்தீர்கள்.

ரயில் என் தம்பி வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து, அவன் வீட்டில் யாரும் சீண்டாமல் என் பரணுக்கு வந்து சேர்ந்தது. பலகை என் கம்பெனியுடையது. கம்ப்யூட்டர் வந்ததும் அவர்கள் வெளியே போட்ட பெரிய வரைபலகை. அதை இரண்டு மேஜைமேல் படுக்கவைத்து, நீள்வட்டமாகத் தண்டவாளம் போட்டோம். ஒரு கோடியில் ஸ்டேஷன். அங்கேதான் வேகத்தைத் திருகும் குமிழ், அது என் இடம். மறுகோடியில் கரித்தொட்டி. அதன் லிவர் உங்கள் இடம். நான் வண்டியைக் கொண்டுபோய் உங்கள் முன்னால் நிறுத்துவேன், நீங்கள் கொட்டுவீர்கள். இரண்டு பேர் இருக்கிறோம் என்பதால் அப்படி வைத்தோம். ஒருவர் மட்டும் இருக்கும் நாள் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கரிக்கு என்ன போடுவது என்பதுதான் முதல் பிரச்சினை. நான் கணக்குப் போட்டுப் பார்த்து, வேகனின் அளவுக்குக் கடுகு சரியாக இருக்கும் என்றேன். அளவு சரிதான். ஆனால் உருண்டது. லிவரை இழுத்த ஒவ்வொரு முறையும் கால்வாசிக் கடுகு வேகனில் விழுந்தது, மிச்சம் பலகை முழுக்க ஓடியது. மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி நாம் புல்வெளி போட்டிருந்தோமே, அதற்குள் போய் ஒளிந்துகொண்டது. அந்த வாரம் களிமண்ணில் புதிதாகக் கட்டிய குன்று காய்ந்து வெடிக்காமல் இருக்க நான் தண்ணீர் தெளித்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டேன்.

திரும்பி வந்த ஞாயிறு கதவைத் திறந்தால், கரித்தொட்டியைச் சுற்றி நிஜமான பச்சை. இரண்டு இரண்டு இலையாக, நாம் தென்னங்குச்சியில் செய்த மரங்களைவிட உயரமாக, கடுகு முளைத்து நின்றது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீங்கள் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பிடுங்கப் போன என் கையைத் தட்டிவிட்டீர்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு இந்த ஊர் உருதுதான் வரும்.

"நக்கோ, வுடு. வுழுந்தது வுழுந்த எடத்துல கெடக்கட்டும். உனுக்கு இன்னா போச்சு?"

"ரயிலே தெரியலைங்கக்கா."

"ரயில் இன்னா ரயில். காடு வந்துக்கீது, பாரு."

அது தானாக வாடிப்போகும் வரை வண்டியை அந்தக் காட்டுக்குள்தான் ஓட்டினோம். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு நீங்கள் செய்தித்தாளில் சுற்றி ஒரு கட்டி நிஜ நிலக்கரி கொண்டுவந்தீர்கள். "எங்க புடிச்சீங்க?" என்று கேட்டேன். "வூட்ல பழசு கொஞ்சம் கெடந்துச்சு" என்றீர்கள். பழந்துணியில் முடிந்து, வாசற்படியில் வைத்துச் சுத்தியலால் தட்டி, டீ வடிகட்டியில் சலித்தீர்கள். பளபளவென்று சின்னச் சின்னப் பொடிக்கற்கள். அதைத் தொட்டியில் போட்டு லிவரை இழுத்தபோது வந்த சத்தம் நிஜச் சத்தம்தான்.

அந்தச் சத்தத்தோடு ஒரு குறையும் வந்தது. தொட்டியின் வாய் வேகனைவிட அகலம். ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் ஒரு சிட்டிகை கரி கீழே சிந்தும். உங்களுக்குத் தெரியும், என் கம்பெனி செய்ததே சிமென்ட் ஆலைகளுக்கான பெரிய தொட்டிகள். ஒரு பிடி சிந்தினாலும் யார் வரைந்தது என்றுதான் முதல் கேள்வி வரும். சிந்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் உடம்புக்குத் தெரியாது. எத்தனையோ தடவை ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

"அத்த தொடாத."

"ஒரு சின்னத் தகடு வச்சாப் போதுமுங்க, நின்னுரும்."

"கைக்கு எல்லாத்தையும் சரி பண்ற? கொட்டட்டும்." எதற்கு என்று கேட்கவும் உங்களுக்கு அதே உருதுதான், 'கைக்கு'.

கிளம்பும் முன் நீங்கள் விரல்நுனியை நாக்கில் தொட்டு, கீழே விழுந்த ஒவ்வொரு கரியாக ஒற்றி எடுத்து டப்பாவில் போடுவீர்கள். பிரஷ் கொடுத்தால் வாங்கமாட்டீர்கள். உங்கள் பஸ் போய்விடும் என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கருமித்தனம் என்றுகூட ஒருநாள் சொன்னேன். "ஹவ், கருமிதான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டீர்கள்.

பிறகு அந்தப் பொம்மை. கம்பியில் நூலைச் சுற்றி, சிவப்புச் சீலைத் துண்டு கட்டி, என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெண். இடுப்பை மடித்துக் குனிந்து நின்றாள். அவளைக் கரித்தொட்டிக்கு இடப்பக்கம், கரி சிந்தும் இடத்தில் ஒட்டினீர்கள். "ஏனுங்கக்கா, நிமிந்து நிக்கமாட்டாளா?" என்று கேட்டேன். "இடுப்புப் புடிச்சுக்கிச்சு அவளுக்கு" என்றீர்கள். நான் சிரித்தேன். வேறொரு ஞாயிறு, கரியை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து, "எங்கம்மாக்கு இந்த வாசனைன்னா..." என்று ஆரம்பித்தீர்கள். நான் "அக்கா, பசை காயுதுங்க, அந்த மரத்தைப் புடிங்க" என்றேன். நீங்கள் மரத்தைப் பிடித்தீர்கள். அந்த வாக்கியம் அப்படியே நின்றுபோயிற்று. நான் திரும்பக் கேட்கவில்லை.

போன வருடம் உங்களுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆயிற்று. ஏழு ஞாயிறு நீங்கள் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்து பார்த்தேன். ஆட்கள் சூழ்ந்திருக்க, ஓரமாக நின்று ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மற்ற ஞாயிறுகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. காலையிலேயே குளித்துவிட்டு, பத்து மணிக்கு மெட்ரோ பக்கம் காதை வைத்துக்கொண்டு, வரமாட்டீர்கள் என்று தெரிந்தே உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு காலையில்தான் அந்த யோசனை வந்தது. நீங்கள் திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும்.

தொட்டியைக் கழற்றினேன். வாயின் இடப்பக்கத் தகரத்தை வெட்டி எறிந்தேன். சரிவை மாற்றி, ஒரு சின்னக் கதவு வைத்து, பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கை மாட்டினேன். சலித்த கரியை மறுபடி சலித்தேன். நாலாவது சோதனையில் ஒரு பொடிகூட வெளியே விழவில்லை. தனியாக நின்று கை தட்டிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். தொட்டியடியில் தரையெல்லாம் கறுப்பாகக் கிடந்த கரித்தூசியை பிரஷ்ஷால் வாரிக் குப்பையில் போட்டு, வெள்ளை மணல் தூவினேன். கரித்தொட்டியைச் சுற்றித் தீக்குச்சியில் வேலி கட்டினேன். தொட்டிக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனியில் நுழைந்ததும் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம். ஆகவே சிவப்பில் ஒரு பலகையும் எழுதி வைத்தேன்: 'உள்ளே வராதே'. அந்தக் குனிந்த பெண் வேலிக்கு உள்ளே இருந்தாள். பசையைச் சுரண்டி அவளைப் பெயர்த்து, ஸ்டேஷன் பெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டினேன்.

நீங்கள் வந்தீர்கள். பாதியாக இளைத்திருந்தீர்கள். மூன்று மாடி ஏற அரைமணி ஆயிற்று. உங்கள் நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வண்டியைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் நிறுத்தினேன். "இழுங்க" என்றேன். இழுத்தீர்கள். கரி நேராக வேகனில் இறங்கி நின்றது.

நீங்கள் குனிந்து தரையைப் பார்த்தீர்கள்.

"ஒண்ணுகூட வுழல."

"ஆமாங்கக்கா. ஏழு வாரமா இதே வேலை."

"சுத்தமா கீது." வேலியை விரலால் தொட்டு, "வேலி கைக்கு?" என்று கேட்டீர்கள்.

"பாதுகாப்புக்குங்க. கீழ யாரும் போயிரக் கூடாதில்லைங்களா."

உங்கள் கண் எதையோ தேடியது. ஸ்டேஷன் வரைக்கும் போய் நின்றது. "அவ எந்த ஊருக்குப் போறா?"

"எங்க ஊருக்குத்தான், கோயம்புத்தூருக்கு" என்றேன் நான், பெரிய நகைச்சுவை சொன்னதுபோல.

நீங்கள் சிரித்தீர்கள். இல்லாவிட்டால் எனக்கு அப்போதே உறைத்திருக்கும். "நல்லா பண்ணிக்கிற டிராயிங்கம்மா" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தீர்கள். அன்று ஒற்றி எடுக்கக் கரி எதுவும் இல்லாததால் சீக்கிரமே கிளம்பிவிட்டீர்கள். உடம்பு முடியவில்லை, அதுதான் களையாக இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லை. போன் செய்தால், "வரேம்மா, கொஞ்சம் தையல் வேலை கீது" என்பீர்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. உடம்பு சரியில்லாதவளிடம் யார் தையல் கொடுக்கிறார்கள், வர மனமில்லை என்றால் நேராகச் சொல்வதுதானே என்று உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு நான் ஒரு வாரம் போன் செய்யவில்லை. அந்த வாரத்தில்தான் நீங்கள் போய்விட்டீர்கள்.

எட்டு மாதம் ஆகிறது அக்கா. ஞாயிற்றுக்கிழமை என்பது இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. இப்போது நான் பேசுகிற ஆட்கள் பால்காரரும் லிஃப்ட் இல்லாததைப் பற்றிப் புலம்பும் கீழ்வீட்டம்மாவும்தான். இரண்டு பேரிடமும் தெலுங்கில். தமிழ் என் வாயில் வாரத்துக்கு ஒருமுறை தம்பியின் போனில் வருகிறது, அதுவும் 'சாப்பிட்டியா'வோடு முடிந்துவிடுகிறது. வண்டியை மட்டும் ஓட்டுகிறேன். ஸ்டேஷன் கோடியில் குமிழைத் திருகிவிட்டு, பலகையைச் சுற்றி ஓடிவந்து லிவரைப் பிடிக்க வேண்டும். பாதி நாள் நான் வந்து சேர்வதற்குள் வேகன் நகர்ந்துவிடும். லிவருக்குப் பக்கத்திலேயே குமிழை மாற்றிவிடலாம், பத்து நிமிட வேலை. ஸ்க்ரூவைத் தொட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டேன். உங்கள் நாற்காலி அங்கேதான் இருக்கிறது.

இப்போது தீப்பெட்டிக்கு வருகிறேன்.

உங்கள் மருமகள் காபியை ஆற்றிக்கொண்டே பலகையைப் பார்த்தாள். "அத்தை சொல்லிட்டே இருப்பாங்க, இதுதானா அது? இந்தக் கரி எல்லாம் அத்தையோட அம்மா, எங்க பாட்டி பொறுக்கினது ஆன்ட்டி. ஒரு சாக்குல மிச்சம் இருந்துது. எத்தனை வீடு மாறினாலும் தூக்கிட்டே வந்தாங்க, போட விடமாட்டாங்க."

"பொறுக்கினதுன்னா?"

"உங்களுக்குத் தெரியாதா? ஷெட்ல என்ஜினுக்குக் கரி ஏத்தும்போது கீழ சிந்துமாம். பாட்டி கூடை எடுத்துட்டுப் போய்ப் பொறுக்கி விப்பாங்களாம். காவல்காரன் துரத்துவானாம். அப்புறம் வேலி போட்டுட்டாங்களாம். வேலிக்கு அடியில பூந்து போவாங்களாம், முதுகெல்லாம் கீறல். அத வச்சுத்தான் அத்தைய படிக்க வச்சாங்க. அஞ்சு வருஷம் வந்துட்டிருந்தாங்களே, சொன்னதில்லையா?"

"சொல்ல வந்தாங்க" என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் என் தீக்குச்சி வேலி வரிசை பிசகாமல் நின்றுகொண்டிருந்தது. 'உள்ளே வராதே' என்று நானே, அழகான கையெழுத்தில். உங்கள் அம்மா பொறுக்கிய கரியை வாரிக் குப்பையில் போட்டு, அவள் நின்ற இடத்துக்கு வேலி போட்டு, அவளை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, உங்களிடமே 'இழுங்க' என்று சொல்லியிருக்கிறேன்.

தீப்பெட்டியைத் திறந்தேன். பஞ்சுக்குமேல் மூன்று பொம்மைகள், மூன்றும் குனிந்தவை. ஒவ்வொன்றின் கையிலும் நூலில் பின்னிய ஒரு கூடை. மிளகைப் பாதியாக வெட்டியதுபோல அவ்வளவு சின்னது. இரண்டு பெண்கள் சீலையில் இருந்தார்கள். அவர்கள் கூடையில் கரி ஒட்டியிருந்தது. மூன்றாவது பொம்மை சுடிதார் போட்டிருந்தது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி. கை நீளமாக இருக்கிறது என்று நான் புலம்பி, நீங்கள் வெட்டிக் குறைத்துத் தைத்துக் கொடுத்தீர்களே, என் நீலச் சுடிதார், அந்தத் துணி.

"இத எப்ப செஞ்சாங்க?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து, ஒருதரம் உங்க வீட்டுக்கு வந்தாங்களே, அதுக்கு அப்புறம்தான். கட்டில்ல உக்காந்துட்டு. கை நடுங்கும், ஊசில நூலை நான்தான் கோத்துக் குடுப்பேன். இது யாருன்னு கேட்டேன். அவளும் கொஞ்சம் பொறுக்கட்டும்னாங்க."

அதுதான் அந்தத் தையல் வேலை. நான் முறுக்கிக்கொண்டு போன் செய்யாமல் இருந்த வாரத்திலும் நீங்கள் என் துணியிலேயே என்னைத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உங்கள் மருமகள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எட்டு மாதத்தில் அன்றுதான் அழ வந்தது.

திங்கட்கிழமை காலை வேலியைப் பிடுங்கினேன். 'உள்ளே வராதே' பலகையை உடைத்தேன். வெள்ளை மணலைச் சுரண்டி எடுத்தேன். சுலபமான வேலைகள் அவ்வளவுதான். தொட்டியின் வாய் எனக்கு வசப்படவில்லை. நான் வெட்டி எறிந்த தகரம் எப்போதோ குப்பை வண்டியில் போய்விட்டது. ஸ்பிரிங்கைக் கழற்றினால் மொத்தக் கரியும் கீழே கொட்டுகிறது. மாட்டினால் ஒன்றும் விழவில்லை. ஒரு தகடு வைத்தேன், வலப்பக்கம் சிந்தியது. சாய்த்து வைத்தேன், தண்டவாளத்தில் விழுந்து சக்கரத்தைத் தடுத்தது. சிந்தாத வாய் எத்தனையோ வரைந்திருக்கிறேன் அக்கா. ஒரு சிட்டிகை மட்டும், இடப்பக்கம் மட்டும், ஒவ்வொரு முறையும் சிந்துகிற வாயை எப்படி வரைவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. புதன்கிழமை கோபத்தில் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிப் போட்டேன். "கைக்கு எல்லாத்தையும் சரி பண்ற?" என்று நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. இந்தத் தடவை கெடுப்பதற்காகத்தான் சரி செய்கிறேன் என்று நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன்.

கடைசியில் காகிதம் பென்சில் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து வாயின் இடது உதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். தேய்ப்பது, கரி போடுவது, இழுப்பது, பார்ப்பது. மறுபடி தேய்ப்பது. நேற்று மத்தியானம் லிவரை இழுத்தபோது வேகன் நிறைந்தது. இடப்பக்கம் ஒரு சிட்டிகை சரிந்து தரையில் விழுந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி விழுந்தது. நீங்கள் இருந்தால் நாக்கில் விரலைத் தொட்டிருப்பீர்கள்.

இன்று ஞாயிறு. காலையில் ஸ்டேஷனிலிருந்து சிவப்புச் சீலைக்காரியைப் பெயர்த்தேன். இவ்வளவு நாள் வராத வண்டிக்குக் காத்திருந்தவள். அவளை அவள் பழைய இடத்தில் ஒட்டினேன். சீலைப் பெண்கள் இருவரையும் அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீலச் சுடிதார்க்காரியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். பிறகு எடுத்து, அவர்களோடு நெருக்கி ஒட்டினேன். குமிழைத் திருகிவிட்டுச் சுற்றி ஓடிவந்தேன். இன்று நேரத்துக்கு வந்து சேர்ந்தேன். லிவரை இழுத்தேன். நாலு பேர் காலடியிலும் கரி சிந்தியது.

பிரஷ்ஷைத் தேடவில்லை. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, விரல்நுனியை நாக்கில் தொட்டு, ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தேன். அவசரப்பட முடியாத வேலை அது. இடுப்பு வலிக்கிறது, கண் பூக்கிறது, விரல் கறுக்கிறது. அரைமணி நேரம் குனிந்தபடியே இருந்தேன். உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் பாதியில் விட்ட வாக்கியத்தின் மிச்சம் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சீலைக்காரிகள் மூவரிடமும் கரி இருக்கிறது. இரண்டு பேருக்கு நீங்கள் ஒட்டிய கரி. சிவப்புச் சீலைக்காரிக்குக் கூடையே இல்லை என்பதால் அவள் மடியில் நான் கொஞ்சம் வைத்தேன். நீலச் சுடிதார்க்காரியின் கூடையை மட்டும் நீங்கள் காலியாக விட்டிருக்கிறீர்கள். நீங்கள் மறந்து விட்டதில்லை என்று எனக்குத் தெரியும். பொறுக்கியதை எல்லாம் உங்கள் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, கடைசி ஒரு கரியை மட்டும் ஊசிமுனையில் எடுத்து அதற்குள் வைத்தேன்.